ஒன்பதாவது பாட்டு

மூன்றாவது ஆள் பேசி முடித்து உட்கார்ந்தபோது ஹாதிக் சுருட்டி வைத்திருந்த பிரிஸ்டல் போர்ட் அட்டையை மடியில் விரித்துப் பார்த்தான். கல்முனையில் ஒரு துணிக்கடைக்கு மேலே நடக்கும் மாலை வகுப்பு. இருபத்திரண்டு கதிரை, ஒரு மின்விசிறி. ஆங்கில டிப்ளோமாவின் கடைசி வேலை இது: தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்று சுல்பிகா மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். எட்டு மாதம் கடைசி வரிசையில் இருந்து ஒரு கேள்விக்கும் வாய் திறக்காதவன் ஹாதிக். பகல் முழுக்க ஹாட்வெயார் கடையில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு முதுகை நிமிர்த்தி உட்காருவதே பெரும்பாடு. ஆனால் நன்றாகத் தெரிந்தது ஒன்று அவனிடமும் இருந்தது. ஒரு ரொக் அல்பம்.

ஐம்பது வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் குழு ஒன்றின் அல்பம் அது. பதினாறு வயதில் கூட்டாளி றிபாஸ் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தான். ஊரில் இந்த மாதிரிப் பாட்டுக்கெல்லாம் ஒரே பெயர்தான், கத்துற பாட்டு. பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகளிலும் ஒரே பெயர், இங்கிலீஷ். ஹாதிக்குக்கு அது போதவில்லை. ஹார்ட் ரொக், ஹெவி மெட்டல், பங்க், புரொகிரஸிவ் என்று கொப்பியில் கோடு போட்டுப் பிரித்தான். பிரித்தது சரிதானா என்று சந்தேகப்பட்டு அழித்தான், மறுபடி பிரித்தான். கடையில் அரை இஞ்சி போல்ட் யார் எடுத்தாலும் அரை இஞ்சிதான். பாட்டு அப்படி இல்லை. வேகத்தைப் பார்த்தால் ஒரு பெட்டி, கிட்டாரின் கனத்தைப் பார்த்தால் வேறு பெட்டி. சில நாட்களில் இந்தப் பெயர்களை எல்லாம் யாரோ களைத்துப்போன ஒரு கடைக்காரன்தான் வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும்.

இந்த அல்பத்தை றிபாஸ் ஹார்ட் ரொக் என்றான். ஹாதிக் அதைப் புரொகிரஸிவ் என்றான். அவனிடம் காரணம் இருந்தது. ஒன்பது பாட்டும் சேர்ந்து ஒரே கதை. 'ஆஷஸ்' என்ற முதல் பாட்டு சாம்பலைப் பற்றிய பெரும் இரைச்சல். நடுவில் ஏறி இறங்கி, ஒன்பதாவதான 'விண்டோ'வில் ஒரு பியானோவும் ஒரு குரலும் மட்டும் மிஞ்சும். சொற்கள் பாதிதான் விளங்கும். ஆனாலும் எல்லாம் எரிந்துபோன ஒருவன் கடைசியில் யன்னலைத் திறக்கிறான் என்பதில் ஹாதிக்குக்குச் சந்தேகம் இருந்ததில்லை. வாழ்க்கையில் அவன் சந்தேகப்படாத ஒரே விஷயம் அது. மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் தன் காது கெட்டுவிடும் என்று பயந்து, அந்தக் குழுவைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூடத் தேடியதில்லை. வாப்பா மௌத்தாகி அவரை அடக்கிய வருடம் ஒன்பதாவது பாட்டு வரும் வரைக்கும் கட்டிலில் கிடப்பான். அது முடிந்த பிறகுதான் எழும்பி முகம் கழுவுவான்.

முன் கதிரையிலிருந்த மர்ஷூதா திரும்பினாள். மருதமுனைப் பிள்ளை, மருந்துக் கடை ஒன்றில் வேலை. வகுப்பில் மூத்தவர்களை எல்லாம் அண்ணன் முறையில் காக்கா என்பாள்.

"காக்கா, இதென்ன டிக்ஷனரியா?"

"அல்பம் ஒண்டு. பாட்டுகள்ற ஒழுங்கு."

"ஏ, பி, சி, எஃப், எச்... கடைசியில டபிள்யூ. நாங்க ஃபாமசியில குளிசை அடுக்குற மாதிரி இரிக்கி. இது அவங்கட ஒழுங்கா, உங்கட ஒழுங்கா?"

"அவங்கட."

"அப்ப அவங்களும் ஃபாமசிக்காரங்கதான்."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டாள். ஹாதிக் தன் கையால் எழுதிய ஒன்பது வரியையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான். பதினொரு வருடம் கேட்டிருக்கிறான், எழுதியிருக்கிறான். பெயர்களின் முதல் எழுத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

மஃரிப் பாங்கு கேட்டது. "தொழுதிட்டு வந்து ஹாதிக்தான்," என்றார் சுல்பிகா மிஸ். "பள்ளியால அப்படியே வீட்ட போயிராதீங்க." வகுப்பு சிரித்தது.

தொழுகையில் மனம் நிற்கவில்லை. முடித்துப் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து கைப்பேசியில் முதல்முறையாகத் தேடினான். சரியான ஒழுங்கு உடனே கிடைத்தது. 'ஆஷஸ்' முதலாவது இல்லை, கடைசி. 'விண்டோ' என்ற பெயரே அதில் இல்லை. மற்ற எட்டுப் பெயரும் இருந்ததால் மிஞ்சிய ஒன்றுதான் அந்தப் பியானோப் பாட்டு. அது வேறு ஒரு பெயரில் மூன்றாவதாக இருந்தது, இரண்டு இரைச்சலுக்கு நடுவில், மூச்சு வாங்க விட்ட இடம் போல. றிபாஸுக்கு அழைத்தான். பாலமுனையில் கட்டில், மேசை செய்து விற்கும் தளபாடக் கடை வைத்திருக்கிறான். கதைத்து இரண்டு வருடத்துக்கு மேல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னடா, புதினமா?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். மச்சான், நீ தந்த மெமரி கார்ட்ல பாட்டுகள்ற ஒழுங்கு..."

"நான் பாட்டுக் கேக்கிறதெல்லாம் விட்டு மூணு வருஷம்டா. உனக்குத் தெரியும்தானே."

"தெரியும். ஒண்டே ஒண்டு சொல்லு. விண்டோ எண்டு அவங்க ஒரு பாட்டும் படிக்கல்லையே."

அந்தப் பக்கம் யாரோ மரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல வைரஸ் விழுந்து நம்பர், பேர் எல்லாம் அழிஞ்சி போச்சி. கேட்டுக் கேட்டுப் பேர் நான்தான் அடிச்சன். நம்பர் இல்லாததால போன் ஏ, பி, சி ஒழுங்குல எடுத்திருக்கும். அந்த ஒண்டுக்குத் தெரியல்ல. கைக்கு வந்ததைப் போட்டன்."

"ஏன் விண்டோ?"

"எனக்கென்னடா ஞாபகம்? கரண்ட் போகப் போகுது எண்டு அவசரமா அடிச்சிருப்பன்."

ஹாதிக்குக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "நீ சொன்னதுதான் சரி," என்றான். "அது ஹார்ட் ரொக்தான்."

"எது?"

"ஒண்டுமில்ல."

"சரி, வைக்கட்டா? ஆக்கள் நிக்கிறாங்க." ஆனால் றிபாஸ் உடனே வைக்கவில்லை. "அந்தப் பியானோ வாற பாட்டா?"

"ஓம்."

"ம்," என்றான் றிபாஸ். தொடர்பு அறுந்தது.

வீதிக்கு அந்தப் பக்கம் அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. ஏறினால் பத்து நிமிடத்தில் நற்பிட்டிமுனை, வீடு. ஏறாமல் வகுப்புக்கே போனால், மனப்பாடம் செய்த பேச்சு அப்படியே இருக்கிறது. அங்கே யாருக்கும் இந்த அல்பம் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது. யன்னலைத் திறக்கிறவனைப் பற்றிச் சொன்னால் கை தட்டுவார்கள். சான்றிதழும் வரும். அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் பொய்யாக எழுதப்பட்டதில்லை. அதுதான் அவனைக் களைக்கச் செய்தது. மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வகுப்புக்குப் படியேறினான்.

போர்டைக் கரும்பலகையில் ஒட்டினான். இருபது முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. எட்டு மாதத்தில் அவன் அந்த அறையில் சொன்ன முதல் ஆங்கில வசனம் சின்னது. இந்த ஒழுங்கு பிழை என்றான். மிஸ் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

இதைத்தான் நான் பதினொரு வருடம் கேட்டேன் என்று அடுத்ததைச் சொன்னான். அதற்குமேல் மனப்பாடம் எதுவும் உதவவில்லை. மேசையிலிருந்த மார்க்கர் பேனையை எடுத்து, 'ஆஷஸ்'க்குப் பக்கத்தில் ஒன்பது என்று எழுதினான். ஒவ்வொரு பெயராக இறங்கினான். ஐந்து, ஒன்று, எட்டு. கடைசி வரிக்குப் பக்கத்தில் மூன்று என்று போட்டான். பிறகு 'விண்டோ' என்ற பெயரை வெட்டுவதற்காக முதல் எழுத்தில் பேனையை வைத்தான்.

"அப்ப அதுர உண்மையான பேர் என்ன காக்கா?" என்று மர்ஷூதா தமிழில் கேட்டாள். மிஸ் அவளைத் திருத்தவில்லை.

பெயர் அவனுக்குத் தெரியும். பேனை நகரவில்லை. அது நின்ற இடத்தில் மை போர்டுக்குள் இறங்கி, ஒரு கறுப்பு வட்டமாக, மெல்ல மெல்ல அகன்றுகொண்டிருந்தது.