குதிரைக்காரர் உள்ளே வரக்கூடாது

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைச் சளி பிடித்த பிள்ளையின் நெஞ்சில் தடவாத வீடு சேலத்தில் உண்டா? அதைத்தான் சைபுல்லா தன் பொறுப்பிலிருந்த ரேஸ் குதிரைக்கும் தடவினார். மரிக்கொழுந்து என்கிற அந்தப் பெண்குதிரை இருமிக்கொண்டே இருந்தது, மனசு கேட்கவில்லை. ரேஸ் முடிந்து குதிரையின் ரத்தத்தைச் சோதித்தபோது கற்பூரம் தெரிந்துவிட்டது. தடை செய்த மருந்தாம்! அவர் லைசென்சைப் பிடுங்கிக்கொண்டு, இனி எந்த ரேஸ் மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது என்று விலக்கிவிட்டார்கள்.

போனால் போகட்டும் என்று வீட்டில் கிடக்க முடிகிறதா? நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மைதானத்தில் மரிக்கொழுந்து ஓடுகிற நாளெல்லாம் வெளியே மதிலோரம் வந்து நிற்பார் மனுசன். அன்றைக்கும் நின்றார். கடைசி வளைவில் குதிரை விழுந்தது. கால் ஒடிந்துவிட்டது, இனித் தேறாது, ஊசி போட்டு முடித்துவிடப் போகிறார்கள் என்று வெளியே வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சைபுல்லா கேட்டுக்கு ஓடினார். "வேலுமணி, ஒரே நிமிஷம்ப்பா. அது தலைய மடியில வெச்சுக்கிறேன், போதும். புது ஆளப் பாத்தா மிரளும்ப்பா!"

காவலாளி வேலுமணி கையை விரித்தார். "நானென்னங்க பாய் பண்றது? உங்க போட்டோவக் கேட்டுலயே ஒட்டி வெச்சிருக்கறாங்க. உள்ள உட்டா எம்பட வேலையும் போயிருமுங்க."

குதிரையின் முதலாளி தங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சைபுல்லா கம்பிக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நானுங் கெஞ்சிப் பாத்துட்டனுங்க பாய். ரூல்ஸ் ரூல்சுதான்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே திரும்பினார்.

குதிரை கனைத்தது. பாழாய்ப்போன மதில்! சைபுல்லா சத்தம் வந்த இடத்துக்கு நேரே ஓடி, சுவரில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்: "பயப்படாத கண்ணு! நான் இங்கதான் இருக்கேன், பக்கத்துலதான் இருக்கேன்!"

உள்ளே ஒரே கூச்சல். "ஐயோ, எந்திரிக்குது! புடிங்க, புடிங்க!" அவர் குரலைக் கேட்ட குதிரை, ஒடிந்த காலை ஊன்றி அவரிடம் வரப் பார்த்தது.

"பாய், பேசாதீங்க!" தங்கசாமி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அலறினார். "உங்க சத்தத்துக்குத்தான் எந்திரிச்சு எந்திரிச்சு உழுகுது. சாமி, பேசாதீங்க!"

சைபுல்லா தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். உள்ளே குதிரை கனைத்துக் கனைத்து அவரைக் கூப்பிட்டது. அது அடங்குகிற வரைக்கும் அவர் துண்டை எடுக்கவில்லை.