மெனுவில் மிஞ்சிய வரி

பரீட்சை பத்து மணிக்கு. ஒன்பது இருபதுக்கே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் கம்ப்யூட்டர் மேஜைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் படித்தது நர்ஸ் படிப்பு. குடிவந்த நாட்டில் அது செல்லாது என்று கையை விரித்துவிட்டார்கள். மூன்று வருஷமாக முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பரீட்சையில் தேறினால் மறுபடியும் நர்ஸ். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றுக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் ஒரு கெடுபிடி உண்டு. கேள்வி வருவதற்கு முன் கம்ப்யூட்டர் தானாக ஒருமுறை அணைந்து எழும். அந்த நேரம் முழுக்க இரண்டு கையும் மேஜைமேல் இருக்க வேண்டும். பக்கத்தில் நிறுத்திவைத்த செல்போன் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பொத்தானைத் தொட்டாலும் பரீட்சை ரத்து.

இந்த வீட்டுக் கம்ப்யூட்டரோ பொத்தானை அமுக்காமல் எழுந்திருக்காது. புருஷன், சரிசெய்கிறேன் பேர்வழி என்று, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இரண்டாவது முறை போட்டுப் பழையதை அழித்திருந்தான். அழித்தவன் ஒழுங்காக அழித்தானா? கம்ப்யூட்டர் எழும்போது வரும் தொடக்க மெனுவில் பழையதன் பெயரும் அப்படியே நின்றது. ஒரே பெயரில் இரண்டு வரி. யாரும் எதையும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் நேரே அந்தச் செத்த வரிக்குள் போய்க் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

ஒரு மாதமாகச் சொல்கிறாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பான். செல்போன் ரிப்பேர் கடையில் ஊரார் போனையெல்லாம் அரைமணியில் சரிசெய்பவன்தான். அவள் அக்கா அவனுக்கு 'நாளைக்கு மாப்பிள்ளை' என்றே பேர் வைத்துவிட்டாள்.

இன்று வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தான். திரையில் இரண்டு வரியும் வந்தன. பெயர் ஒன்றுதான், பக்கத்தில் இருந்த எண் மட்டும் வேறு. அழிக்க வேண்டிய வரியின் எண் என்று எதையோ தட்டிவிட்டு என்டரில் விரலை வைத்தான்.

"நில்லுங்க. எந்த நம்பரைப் போட்டீங்க?"

"மூணு. கீழ இருக்கிறதுதான் செத்தது."

"யார் சொன்னா?"

வார்டில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் படுத்திருந்தால் யாரும் ஞாபகத்தை நம்பி மருந்து கொடுப்பதில்லை. கையில் கட்டிய பட்டையின் எண்ணை ஒருத்தி வாய்விட்டுப் படிப்பாள், இன்னொருத்தி சீட்டில் சரிபார்ப்பாள். அந்தப் பழக்கம் அவளைக் குனிந்து பார்க்கவைத்தது. திரையின் உச்சியில் சின்ன எழுத்தில் இருந்தது: இப்போது ஓடுவது 3.

அவன் கையைப் பிடித்து என்டரிலிருந்து இழுத்தாள்.

"உயிரோட இருக்கிறதை அழிக்கப் பாத்தீங்களே! நான் பாஸாகிடுவேன்னு பயமா உங்களுக்கு?"

கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். அவன் சண்டைக்கு வருவான் என்று பார்த்தாள். வரவில்லை.

"இப்ப தெரியாமத்தான் போட்டேன். சத்தியமா," என்றான். "ஆனா ஒரு மாசமா தள்ளிப்போட்டது தெரிஞ்சுதான். பாஸானா உன்னை ஆறு மணிநேரத் தூரத்துல போடுவாங்க. என் கடை இங்க. நீ அங்க போய் நல்லா இருந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு உனக்கு?"

அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மணி ஒன்பது ஐம்பது.

"எந்திரிங்க. நான் அடிக்கிறேன். நீங்க சத்தமா படிங்க."

அவன் பின்னால் நின்று படித்தான். "ஓடுறது மூணு. அழிக்க வேண்டியது ஒண்ணு."

"மறுபடியும்."

"ஒண்ணு."

அவள் என்டரைத் தட்டினாள். இரண்டில் ஒரு வரி காணாமல் போனது.

"வெளிய போங்க. ரூம்ல யாரும் இருக்கக்கூடாது."

வாசலில் நின்று, "நல்லா எழுது," என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்தது. இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் பதித்துக்கொண்டாள். கறுப்பு. இன்னும் கறுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் முன்னால், மெனு எதுவும் காட்டாமல், திரை வெளிச்சமாக விரிந்தது.

அழுகை அப்போதுதான் வந்தது. கேள்வி வரும்வரை துடைக்கக் கையை எடுக்க முடியாது. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டு, முதல் கேள்வி வந்ததும் படிக்கத் தொடங்கினாள்.