அபிராமபுரத்து சாஸும் அபயாம்பாளின் கரண்டியும்

கல்யாணராமன் வீட்டுச் சமையலறைக்குள் பூண்டு நுழைந்த அன்று, மயிலாப்பூர் தெப்பக்குளத்து மீன்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கரைக்கு நீந்திப் போயின. இதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த வீட்டில், தாழ் போட்ட கொல்லைக் கதவுக்குப் பின்னால், ஆள் யாருமில்லாத இடத்தில், கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி ‘டங், டங்’ என்று கேட்டதே, அதை நம்பித்தான் ஆகவேண்டும். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

எல்லாம் மாளவிகாவின் வாந்தியில் ஆரம்பித்தது.

மாளவிகா கல்யாணராமனின் ஒரே பெண். மூன்றாம் மாசம். புருஷன் கிரீஷுக்கு பம்பாயில் உத்தியோகம். பெண் தண்ணீர் குடித்தால்கூடத் திருப்பி அனுப்புகிறாள் என்று பயந்து, பிறந்தகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். பிறந்தகம் என்றால் அம்மா இருக்க வேண்டும். அம்மா அபயாம்பாள் போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். வருஷாப்திகம்கூட இன்னும் ஆகவில்லை. அவள் பாத்திரம் தேய்த்த கொல்லைக் கல்லைப் பார்க்க மனசு வராமல் கல்யாணராமன் அன்றைக்குத் தாழ் போட்ட கதவு, இந்த சித்திரை வரைக்கும் திறக்கவில்லை.

மாளவிகா இளைத்த இளைப்பில், மின்விசிறியை மூன்றில் வைத்தால் படுக்கையைவிட்டுப் பறந்துவிடுவாள் போல இருந்தது. லேடி டாக்டர் உச்சுக்கொட்டினாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது வயத்துல தங்கணும் சார். இல்லேன்னா அட்மிட் பண்ணி டிரிப் ஏத்த வேண்டியதுதான். கொழந்தைக்கு நல்லதில்லே.”

ஆஸ்பத்திரி என்றதும் மாளவிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் அதுதான்.

“வேண்டாம்ப்பா. நான் சாப்டறேன். அடையார்ல சிக்னலாண்ட பீட்சாக் கடை இருந்துதே, அதோட மேல தடவுவானே செவப்பா, அது இருந்தா சாப்டுவேன். மத்த எதை நெனச்சாலும் பெரட்றது.”

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று அபயாம்பாள் சொல்லிக் கேட்டிருந்த கல்யாணராமன், அப்போதே ஆட்டோ பிடித்தார். போய்ப் பார்த்தால் கடையைக் காணோம். கட்டடத்தையே இடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் தூசிக்கு நடுவில் அரை பீட்சா வரைந்த பலகை ஒன்று மட்டும் சாய்ந்து கிடந்தது.

ஆக, வீட்டிலேயே பண்ணுவது என்று முடிவாயிற்று.

கல்யாணராமனுக்கு அதுவரை வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். அதையும் சில சமயம் தீய்த்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தக்காளியை நறுக்கினார். வாணலியில் எண்ணெயை விட்டார். பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. அந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தால் கடுகு போட்டே ஆகவேண்டும் என்று அவர் கை நினைத்துக்கொண்டது. கடுகு வெடித்ததும் பெருங்காயம் தானாக விழுந்தது. அரை மணி கழித்து அடுப்பிலிருந்து இறங்கியது அபிராமபுரமே சாதம் வடித்துக்கொண்டு ஓடிவரக்கூடிய அருமையான தக்காளித் தொக்கு.

மாளவிகா தட்டைப் பார்த்தாள், முகர்ந்தாள், குளியலறைக்கு ஓடினாள்.

அப்போதுதான் முதல் தடவை கேட்டது. கொல்லைக் கதவுக்குப் பின்னால். டங், டங்.

கல்யாணராமனின் முதுகில் ஐஸ்காரன் வண்டியோடு ஏறின மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கோபம் வந்தால் அபயாம்பாள் பேசமாட்டாள், பாத்திரம் பேசும். கதவிடுக்கிலிருந்து இன்னொன்றும் வந்தது. காட்டமான ஒரு வாசனை. இருமல் வந்தால் அவள் போட்டுக் கொடுப்பாளே, அந்தக் கஷாய வாசனை. போட்டுக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அவர் வாணலியை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை காலை நடையின்போது இனாயத்திடம் சொன்னார். இனாயத் அவரோடு ஒரே ஆபீசில் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ரிட்டயரானவர், ராயப்பேட்டைவாசி.

“இன்னா கல்யாணம், அம்மாவுக்கு உம்மேல கோவமா? கீதுப்பா, கீது. தொக்குக்கே இந்த சவுண்டுன்னா, பூண்டு போட்டா வூடே எகிறிடும்.”

“பூண்டா?”

“பின்னே? பூண்டு இல்லாம பீட்சா சாஸு ஏது? கடைய இடிச்சிட்டான்னு நீ ஃபோன்ல சொன்னதுமே, அடையார் போயி அந்தக் கடையோட பழைய வாச்மேனாண்ட கேட்டுக்கினுதான் வர்றேன். தக்காளிய வேக வெக்க வாணாமாம். சும்மா சுடுதண்ணில போட்டு, தோலெடுத்து, அரைச்சு, பூண்டு, உப்பு, கொஞ்சம் சக்கர, எண்ண. அடுப்பாண்ட காட்டிட்டு எறக்கிட வேண்டியது. அப்புறம் ஏதோ ஒரு காய்ஞ்ச எல தூவுவானாம். பேரு அவனுக்கே தெரில.”

“எங்காத்துல பூண்டு உள்ள வந்ததே இல்லைய்யா. அவ இருக்கறச்சே பூண்டுன்னு வாயால சொன்னாலே வாய் கொப்பளிக்கச் சொல்லுவா.”

“கொயந்த பொயைக்கணுமா, வாணாமா?”

இலைக்காக மட்டும் கல்யாணராமன் தியாகராய நகர் முழுக்க அலைந்தார். பாண்டி பஜாரில் ஒரு கடைக்காரர் காய்ந்த வெந்தயக் கீரையைக் கொடுத்து, “இதாங்க சார் இத்தாலிக்காரன் சாப்பிடறது” என்று சத்தியம் செய்தார்.

மத்தியானம் இனாயத் சட்டைப்பையில் பூண்டை மறைத்து, போலீஸுக்குப் பயந்தவர் மாதிரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணராமன் அதற்கு முன்பே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சமையலறைச் சுவரில் சந்தன மாலையோடு தொங்கிய அபயாம்பாளின் படத்தை, “கோச்சுக்காதே, ஒரு பத்து நிமிஷம்” என்று சொல்லி, முகம் சுவரைப் பார்க்கும்படித் திருப்பி மாட்டினார்.

“படத்தத் திருப்பிட்டா மூக்கு மூடிக்குமா நைனா?” என்றார் இனாயத்.

“பேசாம உரி.”

பூண்டு உரிந்தது. நசுங்கியது. அந்த வாசனை கிளம்பிய வேகத்தில் அடுத்த வீட்டுப் பூனைக்கு ஜலதோஷம் சரியானது. கல்யாணராமன் கடுகு டப்பாவை எட்ட முடியாத பரணில் வைத்துவிட்டு, ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு எண்ணெய் காய்வதைப் பார்த்தார். அரைத்த தக்காளியை விட்டார். நிறம் வந்தது. அடையாறு நிறம்.

டங், டங்.

இனாயத்தின் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

“யா அல்லா! அது... தாப்பா போட்டுக் கீதே அந்தக் கதவு?”

டங், டங். இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக.

இனாயத் போகும்போது வாசல் கதவு திறந்திருந்ததா, அவரே திறந்து வெளியேறினாரா என்பது இன்றுவரை தெரியாது. செருப்பு மட்டும் இருந்தது.

கல்யாணராமன் சாஸைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாளவிகா விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஓடவில்லை. ஆனால் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“கிட்ட வந்துடுத்துப்பா. ஆனா அது இல்லே. அந்த எலை வாசனை வரல. இது வெந்தயக் கீரை. பெரட்றது.”

வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி. மாளவிகா எழுந்து உட்காரவே சுவரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணராமன் தக்காளி அரைத்துவிட்டார், பூண்டு நசுக்கிவிட்டார், ஆனால் அடுப்பைப் பற்றவைக்கத் தைரியம் வரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றார். மாளவிகா மெல்ல வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏம்ப்பா நிக்கறே?”

“உங்கம்மாவுக்குப் பிடிக்கலடி. பூண்டு. தினம் தட்டறா. கோபம்.”

மாளவிகா வாயைத் திறக்குமுன்னே கதவுக்குப் பின்னால் டங், டங்.

பெண் பயப்படவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“கோபம்னா ரெண்டு தட்ட மாட்டாப்பா. கோபம்னா ஒண்ணு. பக்கத்தாத்துல காபி சிந்தற மாதிரி ஒரே டங்.”

“பின்னே ரெண்டு?”

“அப்பா! அம்மா உன்னை என்னிக்காவது பேர் சொல்லிக் கூப்ட்டிருக்காளா? அகமுடையான் பேரை வாயால சொல்லப்படாதுன்னு எப்பவும் கரண்டியாலதானே கூப்டுவா. நீ பேப்பர் படிச்சிண்டிருப்பே. ரெண்டு தட்டுனா, ‘இங்க வாங்கோ’ன்னு அர்த்தம். நீதான் என்னிக்கும் காதுல வாங்கிண்டதே இல்லே.”

இத்தனை வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறாள், இவர் கோபம் என்று நினைத்து ஹாலிலேயே பதுங்கியிருக்கிறார்.

அவர் போய்க் கொல்லைத் தாழைப் பிடித்தார். துருப்பிடித்துப்போய், அதுவும் ஒரு முனகல் முனகிவிட்டுத்தான் விட்டது. வெயில் முகத்தில் அடித்தது. பாத்திரம் தேய்க்கும் கல். அதன்மேல், அன்றைக்கு அவள் கையிலிருந்து எடுத்து யாரோ தேய்க்கப் போட்ட வெண்கலக் கரண்டி, அப்புறம் யாரும் தொடாமல் கறுத்துக் கிடந்தது. கவிழ்த்துவைத்த உருளி. சுற்றிலும் ஆள் இல்லை, அணில் இல்லை, காக்கை இல்லை, காற்றுகூட இல்லை.

ஐப்பசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத அந்தக் கொல்லையில் துளசி கட்டையாகிவிட்டிருந்தது. ஆனால் கல்லையொட்டி, அவள் இருமலுக்கென்று நட்ட கற்பூரவள்ளி மட்டும், யானைக் காது அளவுக்கு இலைவிட்டு, சுவரேறி, அடுத்த வீட்டுக்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டெல்லாம் ஈரம்.

கல்யாணராமன் ஒரு இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தார். கஷாயம். மறுபடி முகர்ந்தார்.

அடையாறு சிக்னல்.

“மாளவிகா!” என்று அவர் கத்திய கத்தலுக்கு ஆழ்வார்பேட்டையில் நான்கு மாளவிகாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். இலையை அவள் மூக்கருகே நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள்.

“இதேதான்பா.”

இலையைச் சுத்தமாகத் துடைத்து, தோசைக்கல்லில் வாட்டி, நொறுக்கித் தூவினார். தக்காளியை அடுப்பில் காட்டி இறக்கினார். கடுகு இல்லை, பெருங்காயம் இல்லை. பீட்சா ரொட்டிக்கு எங்கே போவது? மெல்லிய தோசையில் தடவி நீட்டினார். மாளவிகா ஒரு விள்ளல் தின்றாள். காத்திருந்தார்கள். குளியலறைக் கதவும் காத்திருந்தது. இன்னொரு விள்ளல். தோசை முழுக்கப் போயிற்று. இரண்டாவது தோசையில் பாதி. பிறகு சுவரில் சாய்ந்து, “தூக்கம் வரதுப்பா” என்றாள்.

தங்கிவிட்டது.

கல்யாணராமன் சமையலறை நடுவில் நின்றார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவரும் அவளை ‘இந்தா’ என்றும் ‘இங்க பாரு’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அபயாம்பாள்” என்றார். பிறகு இன்னும் மெதுவாக, “அபயம்.”

டங்!

ஒரே ஒரு டங். உருளியே பிளந்த மாதிரி. இது கோபம். சந்தேகமே இல்லை.

அவர் பதறிப்போய் நாலாபக்கமும் பார்த்தார். அடுப்பை அணைத்தாயிற்று. பூண்டுத் தோலைக் கொட்டியாயிற்று. அப்புறம்தான் சுவரைப் பார்த்தார். நேற்று மத்தியானம் திருப்பி மாட்டிய படம், பத்து நிமிஷம் என்று சொன்னது, இன்னும் அப்படியே சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, மறந்தே போச்சுடி” என்று ஓடிப்போய்த் திருப்பினார்.

அபயாம்பாள் எப்போதும் போல அவரை முறைத்தாள். கண்ணாடியில், அவள் உதட்டோரத்தில், ஒரு சிவப்புச் சொட்டு. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சை இலைத் துணுக்கு. இன்றைக்குத்தான் தூவிய இலை. சுவரோடு ஒட்டிக் கிடந்த பக்கத்தில்.

கல்யாணராமன் துடைக்கத் துண்டை எடுத்தார். அப்புறம் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

“உப்பு சரியா இருக்கோ?” என்றார்.