ஆல்டர் புரூக்கில் இன்ஜினியர் வந்த நாள்

ஆல்டர் புரூக் டிரெய்லர் பார்க்கில் இருந்தவை எல்லாம் சக்கர வீடுகள். சக்கரம் என்று பேர்தான். ஒருமுறை இறக்கி வைத்தபின் அசைத்தால் அப்பளமாக நொறுங்கிவிடும். வீடு அவரவருடையது, அடியில் இருக்கும் மனை மட்டும் விட்கோம் என்ற பெரியவருக்குச் சொந்தம். வயதாகிவிட்டது என்று அவர் இடத்தை விற்கக் கிளம்பியதும் டெக்சாஸிலிருந்து ஒரு கம்பெனி மோப்பம் பிடித்து வந்தது. அவர்கள் கைக்குப் போனால் மனை வாடகை எகிறும். கட்ட முடியாதவர்கள் வீட்டை அப்படியே போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

நல்லவேளை, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டப்படி குடியிருப்பவர்களும் விலை பேசலாம். கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கும் வெர்னா பெல்கியின் தலையில் தலைவி பதவியைக் கட்டினார்கள். கணவன் போனபின் அவளுக்கு மிஞ்சியது அந்த வீடு ஒன்றுதான், வேறு போக்கிடம் கிடையாது.

விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. இடம் பழுதாகிக் கிடக்கிறது என்று ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் மானியம் தரும், அது வந்தால்தான் வாங்க முடியும் என்றார்கள். வெர்னா வீடு வீடாகப் போய், சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அந்த ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். வருஷா வருஷம் விட்கோம் ஒரு சுற்று வருவார். குழாய் அவருடையதாகவே இருந்தாலும் பழி குடியிருப்பவர் தலையில் விழும், சரிசெய் அல்லது காலிசெய் என்று கடிதம் வரும். அந்தப் பயம் சும்மா போகுமா? சனிக்கிழமைக்குள் பார்க்கே கல்யாண வீடாகிவிட்டது. குட்டைகளில் சரளைக்கல் கொட்டினார்கள், ஒழுகும் குழாய்களுக்குச் சாக்கு சுற்றிப் பூச்செடி வைத்தார்கள். எதிலும் குறை கண்டுபிடிக்கும் வெர்னாவின் பக்கத்து வீட்டு ராய்ஸ் டட்டில்கூட, இன்ஜினியரிடம் இது சொர்க்கம் என்று சாதித்தார்.

இன்ஜினியர் ஹாஸ்கெல் சின்னப் பையன். ஒரு சுற்று வந்துவிட்டு வெர்னாவிடம், "இவ்வளவு சுத்தமான பார்க்கை நான் பாத்ததே இல்லைங்க. எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. மானியம் போச்சு, வீடு போச்சு. மற்றவர்களைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவள் மட்டும் என்ன யோக்கியம்? கொல்லைப்புறத்தில் சாக்கடை பொங்கும் இடத்தின் மேல்தான் அவளுடைய பூந்தொட்டி இருந்தது. டிரெய்லர்காரர்கள் என்றால் அழுக்கு ஜனங்கள் என்று ஊர் பேசும் பேச்சைப் பொய்யாக்கவே அவள் திரைச்சீலைக்குக்கூட இஸ்திரி போட்டு வாழ்ந்தவள். அந்த நாற்றத்தை ஒரு படித்த பையனுக்குக் காட்டுவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

ஆனாலும் அவனைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். இரண்டு கையாலும் தொட்டியைப் புரட்டித் தள்ளினாள். கறுப்பாகக் குபுகுபுவென்று வந்தது. ஹாஸ்கெல் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"நல்லா பாத்துக்குங்க தம்பி," என்றாள். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. "மழை பெஞ்சா இது என் சமையல்கட்டு வரைக்கும் வரும். இத்தன வருஷமா பூவ வச்சு மறைச்சுட்டிருக்கேன். எழுதுங்க."

வேலிக்கு அப்பால் ராய்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். இனி ஆயுசுக்கும் குத்திக்காட்டியே கொல்வார் என்று நினைத்தாள். அவரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இதெல்லாம் ஒரு சாக்கடையா வெர்னா? தம்பி, நீங்க என்கூட வாங்க. என் காரை நகத்துறேன். அடியில ஒரு பள்ளம் இருக்கு, ஆளையே முழுங்கிடும்."

அவ்வளவுதான், ஊர் பிய்த்துக்கொண்டது. என் குழாய்தான் மோசம், உன்னுடையது ஒரு ஒழுகலா என்று சண்டையே வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஹாஸ்கெலின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கிளம்பப் பார்த்தபோதெல்லாம் ஒரு தட்டு பீன்ஸைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, இன்னும் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள்.

மானியம் வந்தது. ஆகஸ்டில் இடமும் கைக்கு வந்தது. செப்டம்பரில் பழைய குழாயைத் தோண்டி எடுத்த அன்று, தேர் பார்க்கிற மாதிரி எல்லோரும் நாற்காலி போட்டுக் குழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். புதுக்குழாய் ஏற்றிய லாரி வந்து நின்றது.

"இங்க யாருங்க ஓனர்? கையெழுத்துப் போடணும்" என்றார் டிரைவர்.

பழக்க தோஷம், விட்கோம் என்ற பெயர் வெர்னாவின் வாய்வரை வந்துவிட்டது. பாதியில் விழுங்கிக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள்.

"அவ மட்டும் இல்ல, நானுந்தான்" என்று ராய்ஸும் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா நாற்காலியும் காலியாயிற்று. டிரைவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை பேர் கையெழுத்துப் போட அதில் இடம் இல்லை.