வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தையல் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் வேலை பார்க்கிறவள் அக்கா. சட்டையில் ஒரு பட்டன் குறைந்தால் அவள் விரலே சொல்லிவிடும். அதனால் வீட்டு ஸ்டோர் ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லாதது கை வைத்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. நாலு ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இருந்தன.

தம்பி வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. ஜெயிலிலிருந்து வந்தது நாலாவது தடவை. நாலும் பூட்டை உடைத்த கேஸ். என் வீட்டில் இருக்கட்டும் என்று அவள்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தாள். பூட்டை உடைக்கிற சாமான் எதுவும் அவன் கையில் இருக்கக் கூடாது, இருந்தால் மறுபடியும் உள்ளே என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது.

ஸ்டோர் ரூமுக்கு மறுநாள் குளியலறைத் தாழ்ப்பாளைக் காணோம். அடுத்த நாள் அவன் படுக்கிற அறையிலும். பஸ் டிரைவரான அவள் வீட்டுக்காரர், "உன் தம்பி வீட்டைச் சில்லறையா விக்கிறான். கதவு போறதுக்குள்ள சொல்லிடு" என்று சிரித்தார். சிரித்த கையோடு பர்ஸை இடம் மாற்றி வைத்தார்.

அவள் நகைப் பையை மெத்தைக்குள் தைத்துவைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது அவனை உள்ளே விட்டு வாசல் கதவை வெளியே தாழிட்டுப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சனிக்கிழமை அவன் குளிக்கப் போன சமயத்தில் தலையணையைத் தூக்கினாள். பழைய காலுறைக்குள் மூன்று தாழ்ப்பாளும் ஒரு திருப்புளியும்.  நாலு மணிக்கு, தம்பியைக் கண்காணிக்கிற மேற்பார்வை அதிகாரியம்மா வருவதாக இருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் திருப்புளியை நீட்டினாள்.

"எந்த வீட்டுக்குடா இது?"

"இந்த வீட்டுக்குத்தான்." அவன் தரையைப் பார்த்தான். "வெளிப்பக்கத் தாப்பாவ மட்டும்தான் கழட்டினேன். உள்பக்கத்துத் தாப்பாவத் தொடலக்கா. போய்ப் பாரு."

நம்பாமல்தான் போய்ப் பார்த்தாள். உள்பக்கத் தாழ்ப்பாள்கள் எல்லாம் இருந்தன. எண்ணெய்கூடப் போட்டிருந்தான்.

"வாசக்கதவ நீ பூட்டிட்டுப் போறப்ப உடைச்சிருப்பேன்" என்றான். "மொத தடவ, வேல பாத்த பட்டறையில மொதலாளி உள்ள வச்சுப் பூட்டினான். உடைச்சு வெளிய வந்ததும் கை சும்மா இருக்கல, ரேடியோவத் தூக்கிட்டேன். அப்புறம் எல்லாம் அப்படித்தான். இங்க உடைக்கக் கூடாதுன்னுதான் மத்ததக் கழட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் பொந்தறை ஞாபகம் வந்தது. அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பத்து. அப்பா அவனை இரண்டு கையாலும் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, "போடு" என்பார். தாழ்ப்பாளைப் போடுவது அவள் வேலை. விடிகிறவரை நகம் கதவைப் பிறாண்டும்.

அவனுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. 

நாலு மணிக்கு அதிகாரியம்மா வந்தாள். ஏதாவது காணாமல் போனதா, யாராவது தேடி வந்தார்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் கண், மேஜைமேல் கிடந்த திருப்புளியில் போய் நின்றது.

"இது யாருது?"

தம்பி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"என்னுது மேடம். கதவுல கொஞ்சம் வேலை இருந்துச்சு."

அதிகாரியம்மா அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். நீங்கள் வேலைக்குப் போனால் இவன் என்ன செய்வான் என்று கேட்டாள். பூட்டிவிட்டுத்தான் போகிறேன் என்று சொல்லத்தான் பதில் வைத்திருந்தாள்.

"வீட்டுல இருப்பான் மேடம்."

திங்கட்கிழமை காலை மெத்தைத் தையலைப் பிரித்து, நகைப் பையைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? வாசலைத் தாண்டியதும் கை தன்பாட்டில் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. கையை இழுத்துக்கொண்டாள். சாவியை அவனிடம் கொடுத்து, "உள்ள தாப்பா போட்டுக்கடா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மூன்றாவது படியில் நின்று காது கொடுத்தாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. உடனே திறக்கிற சத்தம். மறுபடியும் விழுந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.