வாய்க்காலுக்குள் எல்லைக்கல்

சங்கிலியின் ஒரு முனையை அவர் தன் வீட்டுச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தார். மறுமுனையோடு நில அளவையர் மேடம் வாய்க்கால் ஓரச் சேற்றில் குனிந்திருந்தார். வருவாய்த் துறையில் பத்தொன்பது வருஷமாகத் தினக்கூலிக்கு அளவுச் சங்கிலி பிடிப்பவர் என்பதால் ஆபீஸில் அவருக்குச் சங்கிலியண்ணன் என்றே பெயர். எத்தனையோ பேர் நிலத்தை அளந்திருக்கிறார். சொந்த வீட்டை அளப்பது இதுதான் முதல் தடவை.

வாய்க்கால் கரையிலிருந்து வீடு பத்து மீட்டர் தள்ளியிருந்தால் பட்டா. குறைந்தால் இடிப்பு.

"கொஞ்சம் தளர விடுங்களேன், கூட வரும்ல?" வாசலில் நின்ற அவர் வீட்டுக்காரி பல்லைக் கடித்தாள். "அடுத்தவன் வீட்டுக்குப் பிடிக்கிற மாதிரியே விறைப்பா பிடிக்கிறாரு மனுஷன்!"

"சும்மா இரு. மேடம் காதுல விழப் போவுது."

"நல்லா விழட்டும்."

"எட்டு மீட்டர் இருபதுண்ணே," என்றார் மேடம். குரல் இறங்கியிருந்தது.

வீட்டுக்காரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரோரம் போனார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. கரை இது இல்ல. நான் வேலைக்கு வந்த வருஷம் இங்க கரையோரமா எல்லைக்கல் நட்டோம். குழி தோண்டுனதே நான்தான். எதுத்த மில்லுக்காரங்க சுவரை முன்னால தள்ளிக் கட்டுனதுல இருந்து தண்ணி இந்தப் பக்கம் அரிச்சுக்கிட்டே வருது. கல்லு இப்ப தண்ணிக்குள்ள கிடக்கு."

மேடம் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். எட்டு இருபது என்று எழுதிவிட்டு வண்டியேறியிருக்கலாம். இவருக்கு முன் இருந்த அளவையர்கள் எங்கேயும் கரைக்கே இறங்கியதில்லை. இவர் செருப்பைக் கழற்றினார்.

"எந்த இடம்ணே? காட்டுங்க."

தொடையளவுத் தண்ணீரில் அவர் கடப்பாரையால் குத்திக்கொண்டே நடந்தார். சேறு. சேறு. மறுபடியும் சேறு. பிறகு 'டங்' என்றது. மேடம் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

"கல்லுல வெட்டுன அம்புக்குறி தட்டுப்படுதுண்ணே!"

இம்முறை சுவரில் சங்கிலியை வீட்டுக்காரி பிடித்தாள்.

"விறைப்பா பிடி!" என்று தண்ணீருக்குள்ளிருந்து அவர் கத்தினார். "நாளைக்கு எவன் வந்து அளந்தாலும் நிக்கணும்!"

"எனக்கே பாடம் நடத்துறாரு!" அவள் காலை ஊன்றி இழுத்த இழுப்பில் மேடமே ஓரடி தடுமாறினார்.

"பத்து நாப்பத்தஞ்சு. இந்த வரிசையில பதினோரு வீட்டையும் இந்தக் கல்லுல இருந்தே அளந்துடலாம்ணே."

அவர் சேற்றுக் கையோடு கும்பிட்டார். வீட்டுக்காரி ஓடி வந்து மேடத்தின் கையை முந்தானையால் துடைத்துவிட்டாள். "உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் தாயி. நாங்க இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டோம்."

"கல்யாணமே ஆகலக்கா," என்று மேடம் சிரித்தார். "கல்லை நட்டவரு அவரு. அவருக்குச் சொல்லுங்க."

கடைசி வீடும் முடிந்ததும் அவர் சங்கிலி முனையோடு திரும்பவும் தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு வந்துவிட்டது.

"எங்கண்ணே போறீங்க?"

"அந்தக் கரையையும் அளக்கணும்ல மேடம்?"

மேடம் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆர்டர் இந்தக் கரைக்கு மட்டும்தாண்ணே."

நடு வாய்க்காலில் நின்றபடி அவர் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சேர்க்க ஆரம்பித்தார். எதிரே மில்லின் சுவர், அடி முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கி, சங்கிலி எட்டும் தூரத்தில் நின்றது.