தாயம்மாவின் ஓட்டநடை

"தேய்யி! கழுத்துக்குக் கீழ இன்னும் மஞ்சளா இருக்கு பாரு, அழுத்தித் தேய்யி!"

தனக்குத் தானே ஆணையிட்டபடி அழகுமுத்து ஒரு கையில் சவுக்காரமும் மறு கையில் தேங்காய்த் தும்புமாகக் குதிரையின் மேல் பாய்ந்துகொண்டிருந்தான். வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது. விடிந்து வெகு நேரமாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வரை பால் வெள்ளையாக இருந்த, தேயிலைத் தோட்டத்துத் துரையின் குதிரை, இப்போது பழுத்த மாம்பழம் மாதிரி நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வேறு!

"அடிப் பாவி, குதிரைக்கு யாராச்சும் மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களா?"

அவன் மனைவி நாகலெட்சுமி அசரவில்லை. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடியே பதில் சொன்னாள்.

"ஏன் ஊத்தக் கூடாது? நுவரெலியாச் சனம் அத்தனையும் பாக்கப் போகுது. கண்ணு பட்டா நீயா வந்து எடுப்ப? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குச் செய்யலியா?"

"அது மாடு. இது துரை குதிரை!"

"துரை குதிரைன்னா கண்ணு படாதாக்கும்!"

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து ஒரு கர்னல் நுவரெலியாவுக்கு வந்திருந்தார். தோட்டத்துத் துரைமார் வளர்க்கும் குதிரைகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பது அவர் வேலை. பல்லைப் பார்ப்பார், காலைத் தடவுவார், உயரத்தை அளப்பார், கடைசியில் ஓட்டநடை ஓடவிட்டுப் பார்ப்பார். உயர்ந்த ரகம் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் குதிரையின் பெயர் வம்சப் பதிவில் ஏறும்.

துரை போன வாரமே தம்முடைய தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"அழகுமுத்து! டயானா பாஸ் பண்றது, நீ குதிரைக்காரன். டயானா பெயில் ஆவுறது, நான் குதிரை விக்கிறது, ஜீப் வாங்குறது, நீ கான் வெட்டப் போறது. வெளங்குதா?"

விளங்காமல் என்ன? கான் வெட்டுவதென்றால் மழையிலும் குளிரிலும் தேயிலைச் சரிவில் குனிந்து வாய்க்கால் தோண்டுவது. அட்டை காலில் ஏறும், இடுப்பு கழன்றுபோகும். குதிரையின் குளம்பைப் பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் குனிந்து பழகாத இடுப்பு அழகுமுத்துவுடையது!

துரைக்குத்தான் அவள் டயானா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களின் வாயில் விழுந்த நாளிலிருந்து தாயம்மா.

தும்பு தேய்ந்ததே தவிர மஞ்சள் போகவில்லை. மாம்பழம் கொஞ்சம் வெளிறி வாழைப்பழம் ஆயிற்று, அவ்வளவுதான். லாரிக்காரன் மூக்கன் ஹாரனை அமுக்கினான். அவன் நாகலெட்சுமியின் தம்பி.

"மச்சான், துரை காருல கெளம்பிட்டாரு. குதிரைக்குக் காமாலைன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம், ஏத்துங்க!"

தோட்டம் இருந்த டயகமவிலிருந்து லாரி புறப்பட்டது. தலவாக்கலைக் கடைத்தெருவில் மூக்கன் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினான். அங்கேதான் வினை. மஞ்சள் உடம்பும் குங்குமப் பொட்டுமாக லாரியில் நின்ற தாயம்மாவைக் கண்டதும் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்து நாலு பேர் கும்பிட்டார்கள். எந்தக் கோயில் குதிரை என்று ஒரு அம்மாள் விசாரித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினாள். தாயம்மா தோலோடு விழுங்கி அருள் பாலித்தாள்.

"தாயி ஏத்துக்கிட்டா!" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

லாரி நானுஓயா ஏற்றத்தில் முனகியபோது மூக்கன் மெதுவாகக் கேட்டான். "கலரு கெடக்கட்டும். ஓட்டநடை ஓடுவாளா மச்சான்? திங்கிற நேரம் போக அவ நின்னுதானே பாத்திருக்கேன்?"

"ஓடுவா. காதுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பறப்பா."

"அப்படி என்ன வார்த்தை?"

அழகுமுத்து லாரிக்குள்ளேயே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். "அதை மட்டும் கேக்காத. வெளியில தெரிஞ்சா என் தோலை உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

பந்தயத் திடலில் துரை காத்திருந்தார். குதிரை இறங்கியது. துரையின் வாயிலிருந்த சுருட்டு இறங்கியது.

"அழகுமுத்து! குதிரை ஏன் மஞ்சள்?"

"உண்ணி மருந்துங்க, துரை." வாய் தானாகச் சொன்னது.

துரை யோசிப்பதற்குள் கர்னல் வந்துவிட்டார். வெள்ளை மீசை, கையில் அளவுகோல். தாயம்மாவை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து மோந்தார். ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தும்மினார். இந்தக் குதிரையில் ஏன் கறி வாசம் அடிக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார். உண்ணிக்கு நானே கண்டுபிடித்த மருந்து என்று துரை கூசாமல் சொன்னார். கர்னல் ரொம்பவும் மெச்சி, தமக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்றார்.

முதல் கண்டம் தாண்டியது!

பல் சரி. கால் சரி. உயரம் சரி. முதுகைத் தடவிய கர்னல், விரல் மஞ்சளானதையும் பொருட்படுத்தாமல் தலையை ஆட்டினார். மிச்சம் ஓட்டநடை ஒன்றுதான்.

அழகுமுத்து கயிற்றோடு முன்னே வந்தான். துரை கையை நீட்டித் தடுத்தார். ஓரமாக நின்ற அவர் மனைவி துரைசாணி கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"நீ தள்ளி நிக்கிறது. நான் ஓட்றது. படம் புடிக்கிறது."

அழகுமுத்து குறுக்கே வந்தான். "துரை, வேணாங்க. நீங்க புடிச்சா அவ..."

"தள்ளி நில்லு மேன்!"

துரை கயிற்றைப் பிடித்தார். தாயம்மா நின்றாள். நாக்கைச் சப்புக்கொட்டினார். நின்றாள். இழுத்தார், பின்னால் போய்த் தள்ளினார், காதலியிடம் பேசுவது போலக் கொஞ்சினார். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, தலையைத் தாழ்த்தி, மாரியம்மன் சந்நிதியில் நிற்பவள் போல அப்படியே நின்றாள் தாயம்மா. மற்றத் தோட்டத்துக் குதிரைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"டயகமயில சிலைக்கும் லாடம் அடிக்கிறாங்கடா!" என்றான் ஒருவன்.

கர்னல் பேனாவை மூடினார்.

அழகுமுத்துவின் கண்ணுக்கு முன்னால் கான் தெரிந்தது. கானுக்குள் அட்டை தெரிந்தது. பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான்.

"துரை, மன்னிச்சுக்கங்க! நீங்க அந்தப் பக்கம் போயிருங்க. இன்னும் தூரம். ஐயோ, இன்னும் தூரம்ங்க! அந்தக் கூடாரத்துக்குப் பின்னால போயிருங்க!"

துரை எதற்கென்று தெரியாமலே கூடாரத்துக்குப் பின்னால் போய் மறைந்தார். அழகுமுத்து தாயம்மாவின் காதோடு வாயை வைத்தான். ஒரே ஒரு தரம் சொன்னான்.

அவ்வளவுதான்! தாயம்மாவின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. வால் கொடி போல எழும்பியது. முழங்கால் மார்பைத் தொட, சீரான ஓட்டநடையில் திடலைச் சுற்றிப் பறந்தாள். அழகுமுத்துவின் தலைப்பா ஒரு பக்கம், ஒரு செருப்பு ஒரு பக்கம். கயிற்றில் அவன் ஓடினானா, காற்றில் மிதந்தானா என்று பார்த்தவர்களுக்கே நிச்சயமில்லை.

சுற்றி வந்து நின்றபோது கர்னலின் வாய் திறந்திருந்தது. மறு நிமிஷமே கண் சுருங்கியது. நின்ற குதிரை திடீரென்று இப்படி ஓடுமா? ஊசி குத்தினானா என்று விலாவைத் தடவிப் பார்த்தார். சாராயம் கொடுத்தானா என்று வாயை மோந்தார். வாழைப்பழ வாசம்தான் வந்தது. கூடாரத்துக்குப் பின்னாலிருந்து வந்த துரையிடம் அவர் முடிவாகச் சொன்னார்: காதில் என்ன சொன்னான் என்று தெரிய வேண்டும். வெறும் வார்த்தைதான் என்றால் இப்போதே கையெழுத்து. சொல்லாவிட்டால் குதிரையைக் கொண்டுபோகலாம்.

"என்னா சொன்னது? சொல்லு!" என்றார் துரை.

அழகுமுத்து கணக்குப் போட்டான். சொன்னாலும் கான், சொல்லாவிட்டாலும் கான்!

"துரை, நான் எதைச் சொன்னாலும் கான் வெட்ட அனுப்ப மாட்டேன்னு இந்தப் பெரியவர் முன்னுக்கு வாக்குக் குடுங்க."

துரை மொழிபெயர்த்தார். கர்னல் சிரித்தபடி சாட்சி நின்றார். வாக்குக் கிடைத்தது.

"தெனமும் மத்தியானத்துக்கு மேல குதிரையை ஓட்டி விடணும்னு துரை சொல்லியிருக்கீங்கல்ல? நாங்க... ஓட்டுறதில்லீங்க. மூணாம் மலைக்குக் கீழ ஓடைக்கரையில தாயம்மா புல்லு மேயும். நான் வெத்தலை போட்டுட்டுக் கொஞ்சம் கண் அசருவேன்."

துரையின் காது சிவந்தது. "அப்புறம்?"

"மேல கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ரோட்டுலயே ஒரு கண்ணு வச்சிருப்பாங்க. திடீர்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. கேட்ட ஒடனே அவங்க கை பறக்கும், நாங்க காலைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். நீங்க கிட்ட வந்ததும் நின்னு தலையைக் குனிஞ்சிருவோம். அதாங்க உங்க கையில அவ அசையலை. வருசக்கணக்காப் பழகிப்போச்சு."

"என்னா சத்தம், மேன்?"

அழகுமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"'துரை வர்றாரு!'ன்னுங்க."